திரைக்கு வெளியே திறக்கும் சாளரம்

திரைக்கு வெளியே திறக்கும் சாளரம் என்பது, கணினியில் ஒரு மென்பொருளின் சாளரம் பகுதியாகவோ முழுவதுமாகவோ திரையின் எல்லைக்கு அப்பால் தோன்றும் கோளாறு. இது வன்பொருள் பழுதன்று. இடக்கணக்கில் நேரும் பிழை.

பெரும்பாலும் திரையின் இடது மேல் மூலை சுழியமாகக் கொள்ளப்பட்டு, வலப்புறமும் கீழ்ப்புறமும் பிக்சல்கள் எண்ணப்படுகின்றன. பல மென்பொருள்கள் மூடும்போது தம் இடத்தைக் குறித்துவைத்து மறுமுறை அங்கேயே திறக்கின்றன. இடையில் இரண்டாம் திரை கழற்றப்பட்டாலோ தெளிதிறன் குறைந்தாலோ அந்த இடம் இல்லாமற்போகிறது. 1366×768 திரையில் 1100ஆம் பிக்சலில் நின்ற சாளரம், 1024×768 அளவுக்கு மாற்றினால் கண்ணில் படாது. சுருக்கிய சாளரத்தை விண்டோஸ் −32000 என்ற இடத்தில் வைப்பதால், அந்த எண்ணையே சேமித்துவிடும் கவனமற்ற நிரல்களும் உண்டு.

மெக்கின்டாஷ் II (1987), விண்டோஸ் 98 ஆகியவை பலதிரை வசதியைத் தந்தபின் இச்சிக்கல் பரவலானது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், சிற்றூர்களின் மாணவர்களுக்கும் கணினியைக் கொண்டுசேர்த்தது. அத்தகைய மடிக்கணினியை வகுப்பறைப் புரொஜக்டரில் இணைத்துக் கழற்றுவது இக்கோளாறு எழ வழக்கமான சூழல்.

விண்டோஸில் ஆல்ட், ஸ்பேஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தி, எம் (M) விசையைத் தட்டி, அம்புக்குறி விசையால் சாளரத்தை உள்ளே இழுக்கலாம். விண்டோஸ், ஷிப்ட் விசைகளுடன் இட, வல அம்புக்குறி அழுத்துவது அதை அடுத்த திரைக்கு மாற்றும். லினக்ஸின் வேலண்ட் நெறிமுறையில் சாதாரணச் சாளரம் தன் இடத்தைத் தானே குறிக்க இயலாது.