கையெழுத்துச் சாயலும் மறைந்த கைகளும்

பிரான்சின் மார்செய் நகரிலிருந்த ஒலிவ் எழுத்து வார்ப்பகம் 1953 இல் 'மிஸ்திரால்' என்னும் அச்செழுத்தினை வெளியிட்டது. அதனை வடிவமைத்த றோஜே எக்ஸ்கொபோன் தமது கையெழுத்தையே அதற்கு மூலமாகக் கொண்டார். தனித்தனி உலோக அச்சுக்களாக வார்க்கப்பட்ட எழுத்துக்கள், கோக்கப்பட்டதும் ஒன்றோடொன்று இணைந்து, ஒருவர் விரைந்தெழுதிய வரிபோலத் தோன்றின. கடைப் பெயர்ப்பலகைகளிலும் விளம்பரங்களிலும் அது பெருவழக்குப் பெற்றமை தற்செயலானதன்று. போருக்குப் பிந்திய சந்தையிலே, முகமறியா நுகர்வோனிடம் பண்டத்தை விற்க முனைந்த வணிகனுக்கு, நண்பனின் கடிதத்துக்குரிய நெருக்கத்தை அவ்வடிவம் அளித்தது. ஆயின், அந்நெருக்கத்தை ஆக்கியது ஒரு கை மட்டுமன்று. அச்சு வெட்டியோர், வார்த்தோர், கோத்தோர் ஆகியோரின் கூட்டுழைப்பு அதன் பின்னால் நின்றது. தனிமனிதச் சாயல் அவ்வுழைப்பை மறைத்தது. எனவே எழுத்து வடிவத்தின் அழகினை ஆராய்வோர் அதன் உற்பத்தி உறவுகளையும் நோக்குதல் இன்றியமையாததாகும்.