பறவைப் படமும் அதன் செலவும்

பறவையைப் படம் எடுக்க முயற்சி செய்தவர்கள் எல்லோரிடமும் ஒரே புலம்பல்தான். கேமராவைத் தூக்குவதற்குள் பறந்துவிடும். பறக்காவிட்டால் முதுகைக் காட்டும். முகத்தைக் காட்டினால் நடுவில் ஒரு கிளை வந்துவிடும், கேமராவும் அந்தக் கிளையைத்தான் ஃபோகஸ் செய்யும். எங்கள் காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் செம்பரம்பாக்கம் ஏரி. அங்கே முக்குளிப்பானைப் படம் எடுக்கப் பாருங்கள், இங்கே முங்கினால் எங்கேயோ போய் எழும். கேமராவில் மிஞ்சுவது தண்ணீரில் நாலு வட்டம்தான்.

இந்த எரிச்சலுக்கு 130 வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைப் படித்தபோது காமர்ஸ் மாணவனான எனக்கு ஒரு கேள்வி வந்தது. இந்தச் சிரமத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது? படம் எடுத்தவர் கணக்கிலா, பறவையின் கணக்கிலா?

இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருவர். 1892-இல் தம்பி செர்ரி ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார். 1895-இல் கூடுகளைப் பற்றி இருவரும் ஒரு முழுப் புத்தகமே போட்டார்கள். ஏன் கூடு? அன்றைய கேமரா கனமான பெட்டி. ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடு. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் நல்ல லென்ஸும் கிடையாது. பறவை பறந்துவிடும், கூடு பறக்காது. தாய்ப்பறவையும் எப்படியும் கூட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

அது திரும்பி வரும்போது ஆள் தெரியக்கூடாதே! அதற்காக 1900-இல் பாடம் செய்த ஒரு மாட்டைத் தயார் செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு ஒளிந்துகொண்டார்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், அந்த வேர்வையும் முதுகுவலியும் அவர்கள் கணக்கில்தான் ஏறின.

எரிக் ஹோஸ்கிங் கொடுத்த விலை இன்னும் பெரிது. 1937-இல் வேல்ஸ் பகுதியில் ஆந்தைக் கூட்டைப் படம் எடுக்க இரவில் மறைவிடத்துக்கு ஏறியபோது, தாய் ஆந்தை பாய்ந்து அவர் முகத்தைத் தாக்கியது. ஒரு கண் போனது. அதற்குப் பிறகும் பல வருடம் பறவைகளைத்தான் படம் எடுத்தார்.

ஆனால் எல்லாச் செலவையும் மனிதர்களே ஏற்கவில்லை. கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுற்றியிருக்கும் இலைகளையும் கிளைகளையும் வெட்டுவார்கள். இதற்குச் செல்லமாக 'கார்டனிங்' என்று பேர். இலை போனால் வெயில் நேராகக் குஞ்சு மேல் அடிக்கும், காக்கையின் கண்ணிலும் கூடு படும். ஆள் நிற்பதைப் பார்த்துப் பயந்து தாய் வராவிட்டால் குஞ்சுக்கு இரையும் இல்லை. இது எதுவும் படத்தில் தெரியாது. படம் அழகாகவே இருக்கும்.

நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்ப்போம். மா. கிருஷ்ணன் (1912-1996), 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கையைப் பற்றி எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு கம்பெனியின் கேமராவில் வேறு கம்பெனியின் லென்ஸை மாட்டி, பல பாகங்களைச் சேர்த்து அவரே ஒரு கேமரா செய்துகொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். காட்டில் நடந்தும் யானை மேல் ஏறியும் போனார். அவருக்கு எழுத்தும் வரும், கோட்டோவியமும் வரும். கேமராவுக்குச் சிக்காத பறவையையும் அவரால் வாசகனுக்குக் காட்ட முடிந்தது.

இன்னொரு உதாரணம் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் எதிர்த்தார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் தங்கள் பாதுகாப்பு உரிமைக்கு எழுத்து வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று அங்கே போய், கூடுகள் தூரத்தில் இருக்கின்றன, படம் சரியாக வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். அந்தத் தூரம் இருப்பதால்தான் பறவைகள் அங்கே நிம்மதியாகக் கூடு கட்டுகின்றன.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்தைப் பாருங்கள். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அதற்குள் வருகிறது. துப்பாக்கி வேண்டும் என்று இல்லை, ஒரு படத்துக்காகக் கூட்டைக் கலைத்தாலும் வேட்டைதான்.

இன்று லென்ஸ் வளர்ந்துவிட்டது, கூட்டருகே போக வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஆனால் அவசரம் குறையவில்லை. செல்போனில் பறவையின் குரலைப் போட்டு வரவழைக்கிறார்கள். தன் இடத்துக்குப் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதாக நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும். நமக்கு மிச்சமான அரை மணி நேரம் அதற்கு நஷ்டம்.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் நாம் படிப்பதுதான்: செலவை வேறு கணக்குக்கு மாற்றி எழுதினால் செலவு குறைந்துவிடாது. படம் கலங்கலாக வந்தால் நமக்கு ஒரு காலைப்பொழுது போகும். அந்தச் செலவை நாமே வைத்துக்கொள்ளலாம், நம்மால் தாங்க முடியும்.