லீத் தெருவின் நீல மாளிகை

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில், லீத் தெருவில், சீனச் செல்வர் சியோங் பாட் சீயின் மாளிகை நிற்கிறது. இன்று அதனைக் காணச் செல்வோரின் கண்ணில் முதலிற்படுவது அதன் ஆழ்ந்த நீல நிறமே. 1989ஆம் ஆண்டில் அவ்வீட்டின் வாயிலைத் தாண்டி உள்ளே சென்றவர்கள் கண்ட காட்சி வேறு. சுவர்ப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. கூரையோரத்துப் பீங்கான் உருவங்கள் உடைந்து கிடந்தன. ஒரு குடும்பத்துக்கென எழுப்பப்பட்ட அறைகளில் பல குடும்பங்கள் குடக்கூலிக்கு வாழ்ந்து வந்தன. இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பினால் நிலத்துக்கு நல்ல விலை வரும் என்று எண்ணுவதற்கு அவ்விடத்தில் தடையொன்றும் இல்லை.

அவ்வீட்டைக் கட்டியவரின் வரலாறு வியப்புக்குரியது. 1840ஆம் ஆண்டில் சீனாவின் குவாங்துங் மாநிலத்துத் தாபு வட்டாரத்தில், ஹக்கா இனத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சியோங் பாட் சீ. பதின்ம வயதிலேயே பதேவியா துறைமுகத்துக்குக் கப்பலேறினார். தண்ணீர் சுமந்து பிழைத்தார் என்று கதை சொல்வர். பின்னர் டச்சு அரசுக்குப் பண்டங்கள் வழங்கும் வணிகமும், அபினி, மது ஆகியவற்றின் வரிக் குத்தகையும் அவரைச் செல்வராக்கின. அபினிக் குத்தகை எத்தனை கூலிகளின் வாழ்வைத் தின்றது என்பதை, அம்மாளிகையின் அழகைப் பாடுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. 1892ஆம் ஆண்டில் சீனாவின் யந்தாய் நகரில் திராட்சை மது ஆலையொன்றையும் அவர் நிறுவினார். சீனப் பேரரசின் துணைத் தூதராகப் பினாங்கில் பணியாற்றியதும் 1890களிலேதான்.

மாளிகையின் கட்டுமானம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் தொடங்கி 1904ஆம் ஆண்டளவில் முடிந்தது. 38 அறைகள், கருங்கல் பாவிய 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள் என்று அதன் கணக்கைக் கூறுவர். சீனாவிலிருந்து கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர். ஆயினும் பொருள்களெல்லாம் சீனப் பொருள்கள் அல்ல. வார்ப்பிரும்புத் தூண்கள் ஸ்காட்லாந்திலிருந்தும், தரையோடுகள் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரிலிருந்தும் வந்தன. மரப்பட்டிகள் அடுக்கிய சன்னல்கள் ஐரோப்பிய பாணியின. நடு முற்றமோ முற்றிலும் சீன மரபினது. வானத்து நீர் வீட்டுக்குள் இறங்குதல் செல்வம் சேர்தலுக்கு ஒப்பாகும் என்பது அவர்தம் நம்பிக்கை. வெப்பம் மேலேறி வெளியேறவும் குளிர்காற்று கீழே தங்கவும் அம்முற்றமே வழி செய்தது. நம்பிக்கையும் பயனும் ஓரிடத்தில் கூடியிருந்தன.

1916ஆம் ஆண்டில் அவர் இறந்தார். இறக்குமுன் எழுதிவைத்த உயிலில், தம் கடைசி மகன் உயிரோடிருக்கும் வரையில் அவ்வீட்டை விற்கலாகாது என்று விதித்திருந்தார். அம்மகனோ தந்தை இறந்தபோது கைக்குழந்தை. அவர் 1989ஆம் ஆண்டு வரையில் வாழ்ந்தார். ஆக, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீட்டை விற்கவும் இயலவில்லை. அதனைத் தக்கவாறு பேணவும் போதிய பொருள் இல்லை. அறைகள் வாடகைக்கு விடப்பட்டன. வீடு தேய்ந்தது.

இத்தேய்வுதான் அதனைக் காத்தது என்றால் முரணாகத் தோன்றும். ஆனால் நகரின் ஏனைய பெருவீடுகளுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். பணம் இருந்த இடங்களில் பழைய தரை பெயர்க்கப்பட்டது. மரச் சன்னலுக்குப் பதில் கண்ணாடி வந்தது. சுண்ணாம்புக்கு மேல் சிமெண்டு ஏறியது. லீத் தெரு வீட்டில் அவற்றைச் செய்ய எவருக்கும் வசதியில்லை. அழுக்குக்கும் தூசிக்கும் அடியில், கட்டியவன் வைத்தது வைத்தபடி பெரும்பாலும் இருந்தது.

கடைசி மகனின் மறைவுக்குப் பின் வீடு விலைக்கு வந்தது. பினாங்கைச் சேர்ந்த சிலர் ஒன்றுகூடி அதனை வாங்கினர். அவருள் ஒருவர் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ. மராமத்துப் பணியின் பொறுப்பு அவருடையதாயிற்று. அப்போது எழுந்த முதற் கேள்வி, எதைப் புதிதாக்குவது என்பதன்று. எதைத் தொடாமல் விடுவது என்பதே.

சுவரை எடுத்துக்கொள்வோம். பழைய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். அவ்வீரத்தோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் உடையது. ஆகவே ஈரம் அதன் வழியே வெளியேறிக் காற்றில் கலக்கும். உப்பு மேற்பரப்பில் பூத்துப் பூச்சை உதிர்க்கும். பார்ப்பவர் இதனை வீட்டின் நோய் என்பர். உண்மையில் பூச்சு தான் உதிர்ந்து செங்கல்லைப் பிழைக்க வைக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பூசினால் போதும். உதிர்வதைக் கண்டு பொறாமல் சிமெண்டைப் பூசினால், சுவர் சில காலம் வழவழப்பாக நிற்கும். ஈரமோ வெளியேற வழியின்றி உள்ளே சிறைப்படும்; உப்பு செங்கல்லின் உள்ளேயே படிந்து அதைப் பொடியாக்கும். நல்லெண்ணத்தோடு பழுதுபார்த்து வீட்டைக் கொன்ற கதைகள் இவ்வழியில் நிகழ்ந்தவையே.

எனவே லீத் தெருவில் சுண்ணாம்பையே மீண்டும் கையாண்டனர். ஆங்கிலேயக் கட்டடக்காரர் கீழை நாடுகளில் இதனைச் 'சுனாம்' என்று வழங்கினர். அச்சொல் தென்னிந்தியக் கரையில் அவர்கள் கேட்டறிந்த சுண்ணாம்பின் திரிபு என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். சுட்ட கல் நீரோடு சேர்ந்து குழம்பாகி, சுவரேறிய பின் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிறது. அவசரக்காரருக்கு அது உதவாது.

நீலமும் அச்சுண்ணாம்போடு சேர்ந்ததே. அவுரிச் செடியிலிருந்து எடுத்த சாயத்தைச் சுண்ணாம்பு நீரில் கலந்து பூசும் வழக்கம் அக்காலத்தில் சீனர் வீடுகளில் இருந்தது. வெண்மை அவர்களுக்குத் துக்கத்தின் நிறம். வெறுஞ் சுண்ணாம்பை அவர்கள் விரும்பாததற்கு அது ஒரு காரணம் என்பர். அச்சாயம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. தமிழில் நிறத்துக்கும் சாயத்துக்கும் நீலம் என்னும் ஒரே பெயர் வழங்குவது இங்கு நினைவுக்கு வரும்.

கூரை முகட்டிலும் சுவர்த் தலைகளிலும் உள்ள வேலைப்பாடு இன்னும் நுண்ணியது. வண்ணப் பீங்கான் கிண்ணங்களைக் குறடு கொண்டு துண்டு துண்டாக நறுக்கி, அத்துண்டுகளைச் சுண்ணாம்புக் காரையில் ஒட்டி, பூவும் பறவையும் மாந்தரும் ஆக்குவது தென்சீனக் கலை. கிண்ணத்தின் வளைவே இதழின் வளைவாகிறது. உடையவேண்டும் என்பதற்காகவே அக்கிண்ணங்கள் மெல்லியனவாகச் சுடப்படுகின்றன. பினாங்கில் இக்கலை அறிந்தார் அரியராயினமையால், சீனாவிலிருந்து கைவினைஞரை மீண்டும் அழைக்க நேர்ந்தது. கட்டியபோது நிகழ்ந்தது ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் பழுதுபார்க்கும்போதும் நிகழ்ந்தது.

1992ஆம் ஆண்டில் வெளிவந்த 'இந்தோசீன்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தின் சில காட்சிகள் இவ்வீட்டில் எடுக்கப்பட்டன. மராமத்து முடிந்தபின் அது தங்கும் விடுதியாகவும், கட்டணம் செலுத்திச் சுற்றிப்பார்க்கும் இடமாகவும் ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கென முதன்முதலாக வழங்கிய மரபுடைமைப் பரிசுகளில் தலையாயதை இதற்கு அளித்தது.

பரிசு பெற்ற அவ்வாண்டு பினாங்கின் பழைய வீடுகளுக்கு வேறொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. 1948க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை உயர்த்த விடாமல் தடுத்து வந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளுக்கு அச்சட்டம் செய்தது, சியோங் பாட் சீயின் உயில் அவர் வீட்டுக்குச் செய்ததையே ஒத்தது. சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் ஓடு மாற்றவும் முன்வரவில்லை. இடிக்கவும் எளிதில் இயலவில்லை. குடியிருந்தோர் தலைமுறை தலைமுறையாகத் தொழிலும் குடும்பமும் அங்கேயே நடத்தினர். 1997ஆம் ஆண்டில் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறியது. இடைக்காலத் தவணை முடிந்து, 2000 சனவரி முதல் வாடகை உரிமையாளர் கேட்டதாயிற்று.

தெருத்தெருவாக மக்கள் வெளியேறினர். தகர வேலைக்காரரும், கூடை முடைவோரும், முதியோரும் அவர்களில் இருந்தனர். நீல மாளிகையிலிருந்தும் குடிகள் முன்னரே போயிருந்தனர். சன்னல்களின் எண்ணிக்கையைக் கூறும் நூல்கள் அவர்களைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. வீட்டை எழுபதாண்டு காலம் ஆளில்லாப் பாழாகாமல் வைத்திருந்தவர்கள் அவர்களே அல்லவா? வாழும் வீட்டில் அடுப்பு எரியும், கதவு திறக்கும், ஒழுகுமிடத்தில் பாத்திரமேனும் வைக்கப்படும்.

காலியான கடைவீடுகள் எல்லாவற்றுக்கும் லாரன்ஸ் லோ கிடைக்கவில்லை. சில உணவகங்களும் விடுதிகளும் ஆயின. வேறு சிலவற்றின் சன்னல்களை அடைத்து, உழவாரக் குருவிகளைக் கூடு கட்டச் செய்து, அக்கூடுகளைச் சீனருக்கு விருப்பமான சூப்புக்காக விற்றனர். குருவி தங்கவேண்டுமானால் உள்ளே குகையின் இருளும் ஈரமும் வேண்டும். அதற்காகக் குழாய் வைத்து இரவும் பகலும் நீர்த்துளி தெளித்தனர். ஈரத்தை வெளியேற்றவென்று அமைந்த சுண்ணாம்புச் சுவர்கள் ஈரத்திலேயே ஊறின. 2008 சூலையில் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் ஏற்றப்பட்டது. அதன் பின்னரே, அவ்வட்டாரத்துக் குருவி வீடுகளை 2013ஆம் ஆண்டின் இறுதிக்குள் அகற்றவேண்டும் என்று மாநில அரசு தவணை விதித்தது. அடைத்த சன்னல்களைத் திறந்த வீடுகளில் எவர் எந்த மராமத்தைத் தொடங்கினாலும், சுவர் உலரும் வரை காத்திருப்பதே முதல் வேலை. தடித்த பழஞ்சுவருக்கு அது மாதக் கணக்கில் ஆகும்.