பிளொப்பியில் மிஞ்சிய பக்கங்கள்



பிளொப்பி என்றால் இன்றைய பிள்ளைகள், கணினியில் 'சேமி' என்பதற்குப் போட்டிருக்கும் சின்னப் படத்தைத்தான் காட்டுவார்கள். அதைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தவர்கள் நாங்கள்.

1999இல் நான் துபாய் கராமாவில் கட்டில் வாடகைக்கு இருந்தேன். ஹாலைப் பலகையால் மறித்து இரண்டு பேருக்கு விட்டிருந்தார்கள். அதற்குப் பெயர் 'பார்ட்டிசன்'. ஆகவே வன்தட்டையும் பார்ட்டிசன் பிரிக்கலாம் என்று அறைத்தோழரான நாகர்கோவில்காரர் சொன்னபோது எனக்கு உடனே விளங்கியது. பிளொப்பிக்கு அது வழக்கமில்லை. இருக்கிற இடமே கொஞ்சம், அதை மறித்து என்ன செய்வது?

அவரிடம் லினக்ஸ் இறுவட்டு ஒன்று இருந்தது. ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் யூனிக்ஸைப் பார்த்துத் தொடங்கிய முறை அது. ஆரம்பத்தில் லினக்ஸே பிளொப்பிகளில்தான் ஊர் ஊராகப் போனது. 1993இல் வந்த ஸ்லாக்வேர் தொகுப்பை நிறுவ ஒரு கட்டு பிளொப்பி வேண்டும்.

வட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மூன்றரை அங்குல வட்டை சோனி 1981இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நாங்கள் பாவித்த 1.44 மெகாபைட் வகை 1987இல் ஐ.பி.எம். கணினிகளோடு பரவியது. ஒரு பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 துண்டுகள், துண்டுக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்து 2,880 துண்டுகள். விண்டோஸில் 'ஃபோமாட்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிய வேலை, லினக்ஸில் இரண்டு கட்டளைகள். 'எஃப்.டி.ஃபோமாட்' காந்தத் தடங்களையே புதிதாக வரையும், பழையது ஒன்றும் மிஞ்சாது. 'எம்.கே.எஃப்.எஸ்' அதன்மேல் அட்டவணையை மட்டும் எழுதும். முதலாவது வயலை உழுது புரட்டுவது, மற்றது வரம்பு கட்டுவது.

இந்த வித்தியாசம்தான் எனக்குக் கைகொடுத்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதையை, ஊரில் வாழ்ந்த காலத்திலிருந்து தொடங்கி, அப்பா சொல்லச் சொல்லக் கொழும்பில் தம்பி பாமினி எழுத்தில் தட்டச்சு செய்தான். துபாய்க்கு வந்த ஒருவரிடம் வட்டைக் கொடுத்தனுப்பினான். வேறு பிரதி இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, வெறும் வட்டென்று நினைத்து அதில் 'எம்.கே.எஃப்.எஸ்' ஓட்டினேன். ஏற்கெனவே தடம் போட்ட வட்டுத்தானே என்ற சோம்பலில் முதல் கட்டளையை விட்டிருந்தேன். வாழ்க்கையில் சோம்பலால் எனக்கு வந்த நன்மை அது ஒன்றுதான்.

நாகர்கோவில்காரர் என்னைத் திட்டவில்லை. "கையை எடுங்க" என்றார். 'டி.டி' கட்டளையால் முழு வட்டையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தார். பிறகு 'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளை. அது எந்தக் குப்பைக்குள்ளும் ஆங்கில எழுத்து வரிசைகளைத் தேடிப் பொறுக்கும். தமிழ் எப்படி அகப்படும் என்று கேட்கிறீர்களா? பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. யூனிகோட் வந்தபின் நாங்கள் குறை சொன்ன அதே ஏற்பாடு அன்று அப்பாவின் வரிகளைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் புதிய அட்டவணை வட்டின் முதல் 40 கிலோபைட் அளவைப் பிடித்துவிட்டது. பழைய அட்டவணையும் அதை அடுத்திருந்த முதல் பக்கங்களும் அதற்குள் போயின. மீண்டது, நாவற்குழிப் பாலத்தில் சனநெரிசலுக்குள் நின்ற இரவின் நடுவில், பாதி வாக்கியத்தில் தொடங்கியது.

கொழும்புக்கு அழைத்துச் சொன்னேன். எங்கேயிருந்து மிஞ்சியிருக்கு என்று அப்பா கேட்டார். சொன்னேன்.

"அப்ப வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகுதான் இருக்கு" என்றார். பிறகு அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.

பிளொப்பி விற்பனையை சோனி 2011இல் நிறுத்தியது. உங்கள் அலுமாரியில் பழைய வட்டு கிடந்தால், யூ.எஸ்.பி. பிளொப்பி இயக்கி ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். 'ஃபோமாட் செய்யவா?' என்று திரை கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்துங்கள். முதலில் முழு வட்டையும் பிரதி எடுங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு.