ஈஜிபுராவிலிருந்து புறப்பட்ட 19 ரூபாய்

பெங்களூரு ஈஜிபுராவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. விவேக்நகரை ஒட்டிய அந்தக் குறுக்குத் தெருக்களில் கேபிள்காரர் மாத வசூலுக்கு வந்தால், எந்தத் தமிழ்ச் சேனல் வேண்டும், எது வேண்டாம் என்ற பேச்சு வராமல் இருக்காது. அங்கே கைமாறும் பணத்தில் ஒரே ஒரு தொகையை மட்டும் பின்தொடர்ந்து போவோம்: சன் டிவிக்கான 19 ரூபாய். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தபோது, அந்தச் சேனலைத் தனியாக வாங்குவதற்கான மாத விலை அதுதான். பிறகு விலைகள் மாறிவிட்டன. பணம் போகும் பாதை பெரிதாக மாறவில்லை.

வீட்டுக்காரர் உண்மையில் கொடுப்பது 22 ரூபாய் 42 காசு. 18 சதவீத ஜி.எஸ்.டி.யான 3 ரூபாய் 42 காசு அரசுக்குப் போகிறது. இதோடு வரி சேர்க்காமல் 130 ரூபாய் இணைப்புக் கட்டணமும் அப்போது உண்டு. அது கம்பிக்கான பணம். அதில் சேனலுக்கு ஒரு காசும் கிடையாது.

மிஞ்சிய 19 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3 ரூபாய் 80 காசு, விநியோகக் கட்டணமாகப் பிடிக்கப்படுகிறது. தெருவில் கம்பி இழுக்கும் உள்ளூர் ஆபரேட்டரும், அவருக்கு மேலே கட்டுப்பாட்டு நிலையம் வைத்திருக்கும் எம்.எஸ்.ஓ. நிறுவனமும் இதைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் வேறு உடன்பாடு ஏற்படாவிட்டால் மேலே இருப்பவருக்கு 55, கீழே இருப்பவருக்கு 45 என்று டிராய் விகிதம் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஈஜிபுரா கேபிள்காரருக்கு இந்த ஒரு சேனலில் கிடைப்பது 1 ரூபாய் 71 காசு. வெயிலிலும் மழையிலும் கம்பத்தில் ஏறுகிறவர் அவர்தான். சேனல் நிறுவனம் விரும்பினால் இன்னும் 15 சதவீதம் வரை விநியோகஸ்தருக்குத் தள்ளுபடி தரலாம். முழுத் தள்ளுபடியும் போனால் சென்னையில் உள்ள சேனல் நிறுவனத்துக்குப் போய்ச் சேருவது 12 ரூபாய் 35 காசு. தள்ளுபடியே இல்லை என்றால் 15 ரூபாய் 20 காசு.

இப்படிக் காசு வரை கணக்குப் பார்க்கும் நிலை எளிதில் வந்துவிடவில்லை. அனலாக் கம்பி இருந்த காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே ஒளிபரப்புத்தான் ஓடியது. எத்தனை இணைப்பு என்று ஆபரேட்டர் சொல்வதே கணக்கு. ஆயிரம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு முந்நூறு என்று சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. எண்ணிக்கையைப் பற்றிய சண்டை அந்தத் தொழிலின் தீராத வழக்காக இருந்தது. கேபிளை டிஜிட்டலாக மாற்றச் சொல்லப்பட்ட காரணங்களில் இது முக்கியமானது. பெங்களூருக்கு வைத்த கெடு 2013 மார்ச் 31. (அதே ஆண்டு ஜனவரியில்தான் ஈஜிபுராவின் ஏழைகளுக்கான மாநகராட்சிக் குடியிருப்பிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்களில் தமிழர்கள் பலர். ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டி வைக்கச் சொன்ன வருடத்தில் அவர்களுக்கு வீடே இல்லாமல் போனது. அதைச் சொல்லாமல் இந்த ஊரின் கேபிள் கதையை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

இப்போது ஒவ்வொரு செட்டாப் பாக்ஸுக்கும் எண் உண்டு. மாதத்தின் 7, 14, 21, 28 ஆகிய நான்கு தேதிகளில், மாலை நேரத்தில், எந்தச் சேனல் எத்தனை பெட்டியில் திறந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். நான்கின் சராசரிதான் அந்த மாதக் கணக்கு. அறிக்கை சேனலுக்குப் போகிறது, அதை வைத்துப் பில் வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையும் உண்டு. ஈஜிபுராவில் ஒரு வீடு சேனலை நிறுத்தினால் சென்னையில் அது தெரிகிறது.

இத்தனை கட்டுக்காவலும் சென்னையோடு முடிந்துவிடுகிறது. பணம் சேனல் அலுவலகத்துக்குள் நுழைந்த பிறகு, திரையில் ஓடிய பாட்டை எழுதியவருக்கு அதில் என்ன பங்கு என்பதைப் பெட்டி பெட்டியாக எண்ணிச் சொல்ல எந்த டிராயும் இல்லை. படத்தின் சாட்டிலைட் உரிமையைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் மொத்த விலைக்கு விற்றுவிடுகிறார். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அந்தப் பேரத்தில் உட்காருவதில்லை.

1977ல் உச்ச நீதிமன்றம், மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் படத்துக்காகச் செய்த இசைக்கும் பாடலுக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்றது, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தர 1969ல் தொடங்கப்பட்ட இந்தியப் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி, சுருக்கமாக ஐ.பி.ஆர்.எஸ். அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு ஒன்று எழுதினார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லை என்று வருந்தி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். பாட்டு எழுதியவரையும் இசையமைத்தவரையும் நாடாளுமன்றம் கவனிக்க 35 ஆண்டுகள் ஆயின. 2012 மே மாதம் நிறைவேறிய திருத்தத்துக்காக மாநிலங்களவையில் வாதாடியவர்களில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முக்கியமானவர். திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர வேறு எந்தப் பயன்பாட்டிலும் வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு, அந்த உரிமையை அவர்களே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது அந்தச் சட்டம். தொலைக்காட்சி அந்த ‘வேறு பயன்பாட்டில்’ அடங்கும். சட்டம் வந்தும் வானொலி நிறுவனங்கள் தர மறுத்து வழக்காடின. 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் படைப்பாளிகள் பக்கம் நின்றது.

அமெரிக்காவில் வேறு ஏற்பாடு. பிறர் ஒளிபரப்பை எடுத்துக் கம்பியில் அனுப்புவதற்குக் கேபிள்காரர் பணம் தரத் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968லும் 1974லும் சொன்னது. அதனால் 1976ல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி கேபிள் நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிப்புரிமை அலுவலகத்தில் கட்டணம் கட்டுகின்றன. ஒவ்வொரு ஜூலையிலும் உரிமையாளர்கள் மனுச் செய்கிறார்கள். படத் தயாரிப்பாளர்கள், விளையாட்டு அமைப்புகள், சமய நிகழ்ச்சி நடத்துவோர், இசைக்காரர்கள் என்று அணி அணியாக நின்று பங்கு கேட்கிறார்கள். உடன்பாடு வராவிட்டால் பதிப்புரிமை நீதிபதிகள் பிரித்துத் தருகிறார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. ஆனாலும் இசைக்கென்று ஒரு பங்கு வெளிப்படையாகக் கணக்கில் நிற்கிறது. நம்மிடம் இல்லாதது அதுதான்.

ஐ.பி.ஆர்.எஸ். 2017ல் மீண்டும் முறையாகப் பதிவு பெற்றது. பாடகர்களுக்கான சங்கம் 2013லேயே பதிவானது. ஆனால் எந்தச் சங்கமாக இருந்தாலும், எந்தப் பாட்டு எந்தத் தேதியில் எத்தனை முறை ஓடியது என்ற பட்டியல் சேனலிடமிருந்து வந்தால்தான் சரியாகப் பிரித்துக் கொடுக்க முடியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, சட்டப்படியான உரிமம் எடுக்கும் ஒளிபரப்பாளர் கணக்குப் புத்தகம் வைத்து உரிமையாளரிடம் காட்ட வேண்டும் என்கிறது. பேசி முடிக்கும் ஒப்பந்தங்களுக்கும் இதே கடமையை விதிக்க வேண்டும். மாதம் நான்கு முறை பெட்டியை எண்ண முடிகிற தொழிலுக்குப் பாட்டை எண்ணுவது முடியாத வேலை அல்ல.

அதுவரை நம் கையில் இருப்பது பதிவு ஒன்றுதான். உங்கள் வீட்டில் சினிமாவுக்குப் பாட்டு எழுதியவரோ இசையமைத்தவரோ இருந்தால், பாடல்களின் பட்டியலைத் தயார் செய்து ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் பதிவு செய்யுங்கள். அவர் காலமாகியிருந்தாலும் பரவாயில்லை. அவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை அந்தப் பங்கு வாரிசுகளுக்கு உரியது.