மை சோ-கால்டு லைஃப்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1994 ஆகஸ்ட் 25 முதல் 1995 ஜனவரி 26 வரை வாரந்தோறும் ஒளிபரப்பான பதின்பருவத் தொடர். 19 பகுதிகளோடு நின்றுபோனது.

உருவாக்கம்

'தர்ட்டிசம்திங்' தொடரின் தயாரிப்பாளர்கள் எட்வர்டு ஸ்விக், மார்ஷல் ஹெர்ஸ்கோவிட்ஸ் இருவருக்காக, அத்தொடரில் எழுதிவந்த வின்னி ஹோல்ஸ்மன் இதைப் படைத்தார். பிட்ஸ்பர்க் நகரையொட்டிய ஒரு கற்பனை ஊர்தான் களம். 15 வயது ஏஞ்சலா சேஸ் தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு, பழைய தோழியை விட்டுப் புதிய கூட்டாளிகளோடு சேர்கிறாள். அவள் மனத்துக்குள் பேசிக்கொள்வதே கதையை நடத்திச் செல்லும் குரல்.

ஏஞ்சலாவாக நடித்த கிளேர் டேன்ஸுக்கு முதல் பகுதி படமானபோது வயது 13. சிறார் நடிகர்களுக்கான சட்டப்படி அவரை நாள் முழுக்க நடிக்கவைக்க முடியாது. அதனால் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் தனிக்கதைகள் எழுதப்பட்டன. தொடரின் ஆழம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேசுபொருள்

பள்ளிக்குள் வந்த துப்பாக்கி, குடி, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை என அன்றைய பள்ளிக்கதைகள் பெரிதும் ஒதுக்கியவற்றை இது எடுத்துக்கொண்டது. தன்பாலீர்ப்புள்ள மாணவன் ரிக்கியாக நடித்த வில்சன் குரூஸ், நிஜத்திலும் அதை மறைக்காதவர்.

தோல்வி

ஒளிபரப்பு நேரம் வியாழன் இரவு 8 மணி. அதே நேரத்தில் என்பிசியில் 'மேட் அபவுட் யூ', 'ஃபிரெண்ட்ஸ்' ஆகிய நகைச்சுவைத் தொடர்கள் ஓடின. விஜய் தொலைக்காட்சியில் 2006இல் தொடங்கிய 'கனா காணும் காலங்கள்' போல வாரத்தில் பல நாள் வந்து வீட்டுப் பழக்கமாகிவிடும் வாய்ப்பு வாராந்தரத் தொடருக்கு இல்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், டேன்ஸுக்கு 1995 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. ஆனாலும் பார்ப்பவர் எண்ணிக்கை ஏறவில்லை. தொடரைக் காப்பாற்ற ரசிகர்கள் இணையத்தில் திரண்டார்கள். அவ்வகை முயற்சிகளில் இது மிக முந்தியவற்றுள் ஒன்று. இரண்டாம் பருவத்தில் நடிக்க டேன்ஸ் தயங்கியதாகவும் பேசப்பட்டது. 1995 மே மாதம் ஏபிசி தொடரைக் கைவிட்டது.

பின்னாளில்

எம்டிவியின் மறு ஒளிபரப்பு புதிய ரசிகர்களைச் சேர்த்தது. டேன்ஸும், ஏஞ்சலா விரும்பும் மாணவன் ஜோர்டானாக நடித்த ஜாரெட் லெட்டோவும் திரையுலகில் உயர்ந்தனர். ஹோல்ஸ்மன் 2003இல் பிராட்வேயில் அரங்கேறிய 'விக்கெட்' இசை நாடகத்தின் வசனத்தை எழுதினார்.

கடைசிப் பகுதியில், ஜோர்டான் கொடுத்த காதல் கடிதத்தை எழுதியவன் அடுத்த வீட்டுப் பிரையன் என்று ஏஞ்சலாவுக்குத் தெரியவருகிறது. தெரிந்தும் அவள் ஜோர்டானின் காரில் ஏறிப் போகிறாள். அதற்கு அடுத்த வியாழன் அந்தத் தொடருக்கு வாய்க்கவில்லை.