முத்தியில் நிறைவு

உயிர் எய்தும் நிறைவு யாது என்னும் வினாவிற்குச் சைவத்துள்ளேயே பல்வேறு விடைகள் எழுந்தன. அவற்றைத் தொகுத்து ஆராய்வது உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணம். சகம் 1235, அஃதாவது கி. பி. 1313, என்னும் ஆண்டு அந்நூலகத்தே குறிக்கப்பட்டிருத்தலின் அவ்வாராய்ச்சியின் காலம் ஐயமின்றித் துணியப்படும்.

முத்தியில் உயிர் கல்லைப் போல் அறிவற்றுக் கிடக்கும் என்றார் பாடாணவாதியர். அறிவின்றேல் இன்பம் நுகர்தல் யாங்ஙனம்? சிவத்தோடு ஒன்றேயாய்விடும் என்றார் ஐக்கியவாதியர். நுகரும் உயிரே இல்வழி அந்நிறைவு யாருக்கு? சிவத்திற்கு ஒப்பாகும் என்றார் சிவசமவாதியர். முற்றும் ஒப்பாயின் ஐந்தொழிலும் உயிர்க்கு உரியவாதல் வேண்டும். அது சித்தாந்தத்திற்கு உடன்பாடன்று.

உமாபதியார் தம் கருத்தைத் திருவருட்பயனில் 'தாடலை' என்னும் சொல்லால் விளக்கினார். தாள், தலை என்னும் இரண்டும் புணர்ந்து ஒரு சொல்லாய் நிற்பினும் அவற்றுள் ஒன்றும் அழிந்திலது. இறைவன் தாளும் உயிரின் தலையும் கூடும் கூட்டமும் அத்தகையதே. ஆகவே, உயிர் தான் இறையாதலும் நிறைவன்று, இல்லாதொழிதலும் நிறைவன்று. மலவலி அடங்கித் திருவடியின்பத்தில் அடங்கி நிற்றலே நிறைவாம். நிறைவு பெற்ற பின்னரும் உயிர் அடிமையே என்பது இதனாற் பெறப்படும்.